மளிகைக்கடைப் பையன் தேயிலை மன்னர் ஆன கதை

காலங்காத்தாலே எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, வேலைக்குக் கிளம்புமுன் ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்காவிட்டால் நம்மில் பலருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பால்மரம் வெட்டப் போகிறவர்களானாலும் சரி, செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்களானாலும் சரி, கேமரன் மலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்களானாலும் சரி, தேத்தண்ணி இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை.

தேத்தண்ணி குடிப்பது வெள்ளைக்காரத் துரைமார் பழக்கம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சரி, அந்த வெள்ளைக்காரனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? தேயிலை அவன் மண்ணில் விளைந்த பொருள் இல்லையே! கப்பலேறி வந்த ஓர் இலை, அவன் பரம்பரை வழக்கம் மாதிரி ஆனது எப்படி?

பதில் தேடிப் போனால் ராஜா ராணி கதையும் வருகிறது, கூலித் தொழிலாளியின் கதையும் வருகிறது. இரண்டையும் இணைக்கிற ஒரு மனிதரின் வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். அவர் பெயர் சர் தாமஸ் லிப்டன். டீ பெட்டியின் மேல் அந்தப் பேரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆளைத் தெரியுமா? வாருங்கள், பார்ப்போம்.

ராணி வீட்டுப் பானம்

லிப்டன் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தேயிலை இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. 1657ஆம் ஆண்டிலேயே லண்டனில் கார்வே என்பவரின் காப்பிக் கடையில் தேயிலை விற்றார்கள். ஆனால் அது சீனாவிலிருந்து வந்த சரக்கு. விலையோ யானை விலை, குதிரை விலை.

1662இல் போர்ச்சுகல் நாட்டு இளவரசி கேத்தரின், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸைக் கலியாணம் செய்துகொண்டு வந்தார். அவருக்குத் தாய் வீட்டிலேயே தேத்தண்ணி பழக்கம். ராணியே குடிக்கிறார் என்றால் அரண்மனைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? பெரிய இடத்துப் பானம் என்று தேத்தண்ணிக்கு மவுசு வந்துவிட்டது. பணக்கார வீடுகளில் தேயிலையைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, சாவியை எஜமானியம்மாளே வைத்துக்கொண்டார்களாம். நகை மாதிரி!

அரசாங்கமும் விடவில்லை. தேயிலை மேல் வரிக்கு மேல் வரி போட்டது. 1784ஆம் ஆண்டில் அந்த வரி நூற்றுக்கு 119 வரை போயிருந்தது. அதாவது சரக்கின் விலையைவிட வரி அதிகம். இதனால் கள்ளக் கடத்தல் மலிந்து போனது. கடைசியில் பிரதமர் பிட் அதே ஆண்டில் வரியை நூற்றுக்குப் பன்னிரண்டரையாக வெட்டினார். அதற்குப் பிறகுதான் சாதாரண ஜனங்கள் வீட்டுக்குள்ளும் தேயிலை நன்றாக நுழைந்தது.

ஆனாலும் ஏழைக்குக் கிடைத்தது என்ன தேயிலை? பணக்கார வீட்டில் ஒருமுறை கொதித்த தூளைக் காயவைத்து, சாயம் போட்டு, வேலிச் செடி இலைகளையும் கலந்து விற்ற வியாபாரிகள் உண்டு. இந்த அநியாயத்தைப் பார்த்து, 1826இல் ஹார்னிமன் என்ற வியாபாரி, கலப்படம் செய்ய முடியாதபடி முத்திரை போட்ட பொட்டலத்தில் தேயிலை விற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமை.

1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, பகல் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் பசி தாங்காமல் தேத்தண்ணியும் ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார் என்பார்கள். சீமாட்டிகளின் சாயங்கால டீ விருந்து இப்படித்தான் வழக்கமாயிற்று.

நாலு சீமாட்டிகள் கூடிக் குடிப்பதால் ஒன்று நாட்டு வழக்கமாகிவிடாது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவனும், பஞ்சாலையில் நூல் நூற்கிறவளும் தினம் தினம் குடித்தால்தான் அது நாட்டு வழக்கம். அதற்கு ஒரே வழிதான் உண்டு. விலை இறங்க வேண்டும். அந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார்.

பஞ்சம் துரத்திய குடும்பம்

லிப்டனின் அப்பாவும் அம்மாவும் அயர்லாந்து நாட்டுக்காரர்கள். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போய், லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார்கள். லிப்டனின் பெற்றோர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு வந்து, கோர்பல்ஸ் என்ற ஏழைகள் வட்டாரத்தில் குடியேறினார்கள். பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்து வருவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1848இல் லிப்டன் பிறந்தார். அவர் பிற்காலத்தில் தாம் பிறந்தது 1850 என்றே சொல்லி வந்தார். பெற்ற பிள்ளைகளில் பெரியவனாக வளர்ந்து நின்றது அவர் ஒருவர்தான். மற்றதெல்லாம் தவறிப்போய்விட்டன. அப்பா சின்னதாக ஒரு கடை வைத்தார். முட்டை, வெண்ணெய், உப்பிட்ட பன்றி இறைச்சி, இவைதான் வியாபாரம்.

பையன் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். ஒரு கடையில் எடுபிடி வேலை, பிறகு சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை, அப்புறம் கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் ஓடிய கப்பலில் எடுபிடி. கப்பலில் போய்வந்தவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு, 1865 வாக்கில், மீசை முளைக்கும் பருவத்தில், அமெரிக்காவுக்கே கப்பலேறிவிட்டான்.

அங்கே என்ன வேலை செய்தான் தெரியுமா? தோட்ட வேலைதான்! விர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் வயலிலும் பாடுபட்டான். அடிமை முறை முடிவுக்கு வந்துகொண்டிருந்த சமயம் அது. தேயிலை மன்னர் என்று பிற்காலத்தில் பேரெடுத்தவர் வெயிலில் காய்ந்து தோட்டத்துக் கூலி வாங்கியவர் என்பதை நாம் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கதையின் கடைசியில் இது தேவைப்படும்.

கடைசியாக நியூயார்க் நகரத்தில் ஒரு பெரிய கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் கண் திறந்தது. சாமானை எப்படி அழகாக அடுக்குகிறார்கள், வருகிறவர்களை எப்படிச் சிரித்த முகத்தோடு வரவேற்கிறார்கள், பத்திரிகையில் எப்படி விளம்பரம் போடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். கையில் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்பினார். அம்மாவுக்கு ஒரு ஆடும் நாற்காலியும் ஒரு பீப்பாய் மாவும் வாங்கிக்கொண்டு போனார் என்பார்கள்.

பன்றி ஊர்வலம்

1871இல் கிளாஸ்கோவில் ஸ்டாப்கிராஸ் தெருவில் சொந்தமாக ஒரு கடை திறந்தார். கடையைக் கூட்டுவது, கழுவுவது, சாமான் கட்டுவது எல்லாம் அவரே. தரகன் கையில் வாங்கினால் விலை ஏறும் என்று, முட்டையையும் வெண்ணெயையும் அயர்லாந்து விவசாயிகளிடம் நேராகவே கொள்முதல் செய்தார். கடனுக்கு விற்பதில்லை, ரொக்கம்தான். ஆனால் விலை மற்ற கடைகளைவிடக் குறைவு. இந்தச் சூத்திரத்தைத்தான் அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டார்.

விளம்பரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கொழுத்த பன்றிகளுக்கு அலங்காரம் செய்து, லிப்டன் கடைக்குத்தான் போகிறோம் என்று எழுதித் தொங்கவிட்டு, நடுத் தெருவில் ஓட்டிப் போகச் செய்தார். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. கடையில் இரண்டு வளைவுக் கண்ணாடிகளை வைத்தார். கடைக்குப் போகும்போது பார்த்தால் ஆள் ஒல்லியாகத் தெரிவார், சாமான் வாங்கிக்கொண்டு வரும்போது பார்த்தால் குண்டாகத் தெரிவார்! 1881இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ராட்சதப் பாலாடைக் கட்டியைத் தருவித்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து வைத்து, துண்டு போட்டு விற்றார். கூட்டத்தை அடக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று.

சிரிப்பாக இருந்தாலும் வியாபாரம் சும்மா வளரவில்லை. 1880கள் முடிவதற்குள் பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான கடைகள் லிப்டன் பேரில் வந்துவிட்டன. பெரும்பாலும் தொழிலாளிகள் குடியிருக்கும் வட்டாரங்களில். சம்பள நாளன்று காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துப் பெண்கள்தான் அவருடைய வாடிக்கைக்காரர்கள்.

அந்தச் சமயத்தில் 1889இல் அம்மாவும் 1890இல் அப்பாவும் அடுத்தடுத்துக் காலமானார்கள். அவர் கலியாணம் செய்துகொள்ளாத மனிதர். அம்மாதான் அவருக்கு எல்லாம். அந்தத் துக்கத்தை மறக்கத்தானோ என்னவோ, புதிய வியாபாரம் ஒன்றில் முழு மூச்சாக இறங்கினார். அதுதான் தேயிலை.

அப்புத்தளை மலையில் துரை வந்து இறங்கினார்

இனிக் கதை சிலோனுக்குப் போகிறது. அங்கே மலைநாட்டில் முதலில் இருந்தது காப்பிதான். 1869 தொடங்கி காப்பி இலையில் ஒரு துரு நோய் பிடித்து, தோட்டம் தோட்டமாக அழித்துவிட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. நொடித்துப் போன துரைமார் தோட்டங்களை வந்த விலைக்கு விற்றார்கள்.

1890இல் லிப்டன் கொழும்பில் வந்து இறங்கி, மலைநாட்டுக்குப் போய்ப் பார்த்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். அங்கே தேயிலை ஆலை கட்டினார். அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்வையிட்ட மலை உச்சிக்கு இன்றைக்கும் லிப்டன் இருக்கை என்றுதான் பேர். உல்லாசப் பயணிகள் ஏறிப் பார்க்கிற இடம்.

அவருடைய கணக்கு எளிதானது. முட்டைக்கு என்ன செய்தாரோ அதையே தேயிலைக்கும் செய்தார். தோட்டமும் நம்முடையது, கடையும் நம்முடையது. நடுவில் தரகன் எதற்கு? பிரிட்டனில் அப்போது நல்ல தேயிலை ஒரு ராத்தல் இரண்டரை, மூன்று ஷில்லிங் விற்றது. லிப்டன் 1 ஷில்லிங் 7 பென்சுக்குக் கொடுத்தார். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். அதாவது 36 பென்ஸ் சரக்கு 19 பென்சுக்கு! ஏறக்குறையப் பாதி விலை. அதே 1890இல் அரசாங்கமும் தேயிலை வரியை ராத்தலுக்கு 6 பென்சிலிருந்து 4 பென்சாகக் குறைத்தது. அதுவும் கை கொடுத்தது.

இன்னொன்றும் செய்தார். ஒரு ராத்தல், அரை ராத்தல், கால் ராத்தல் என்று பொட்டலம் கட்டி விற்றார். வாரக் கூலிக்காரன் கால் ராத்தல்தான் வாங்க முடியும் என்றால் அவனுக்கும் எடை குறையாத, கலப்படமில்லாத சரக்கு. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடும் என்று, அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தூளைக் கலந்தும் விற்றார்.

சர்க்கரை வரி 1874இலேயே நீங்கியிருந்தது. சீனி மலிவு, தேயிலை மலிவு. ஆலைத் தொழிலாளி குளிரில் நடுங்கி வீட்டுக்கு வந்தால், சூடான இனிப்புத் தேத்தண்ணியும் ரொட்டியும் அவனுக்குச் சாப்பாடாயிற்று. லிப்டன் ஒருவர்தான் இதைச் செய்தார் என்று சொல்ல மாட்டோம். கூட்டுறவுக் கடைகளும் மற்ற வியாபாரிகளும் உண்டு. ஆனால் சிலோன் தேயிலையை ஏழை வீட்டு அடுப்படி வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர்தான். ராணி தொடங்கி வைத்த வழக்கம், தொழிலாளி கைக்கு வந்த பிறகுதான் நாட்டு வழக்கமாக வேர் பிடித்தது.

மளிகைக்காரருக்குக் கதவடைப்பு

1897இல் விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடினார்கள். லண்டன் ஏழைகளுக்கு ஒரு நாள் விருந்து போட வேண்டும் என்று இளவரசி அலெக்சாண்ட்ரா நிதி திரட்டினார். பணம் சேரவில்லை. லிப்டன் 25,000 பவுனை எடுத்துக் கொடுத்தார். மறு ஆண்டு, 1898இல், அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1902இல் அதைவிடப் பெரிய பட்டமும் வந்தது.

பாய்மரப் படகுப் போட்டியில் அவருக்கு உயிர். அமெரிக்கக் கோப்பை என்ற பெரிய போட்டிக்கு ஷாம்ராக் என்று பேர் வைத்த படகுகளோடு 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து தடவை போனார். ஐந்து தடவையும் தோற்றார். தோற்றாலும் முகம் சுளிக்காத மனிதர் என்று அமெரிக்க ஜனங்களே காசு சேர்த்து அவருக்கு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் படகுச் சங்கத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என்ன காரணம்? மளிகைக்கடைக்காரர்! மன்னர் ஏழாம் எட்வர்டே அவருக்குச் சிநேகிதர், ஆனாலும் சங்கத்துக் கதவு திறக்கவில்லை. 1931இல், சாகப்போகிற வயதில்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் பந்து விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 1909இலும் 1911இலும் இத்தாலியின் துரின் நகரத்தில் லிப்டன் கோப்பைக்காகப் பல நாட்டுக் குழுக்கள் மோதின. இரண்டு தடவையும் ஜெயித்தது யார் தெரியுமா? வெஸ்ட் ஆக்லண்ட் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குழு! 1911இல் யுவெண்டஸ் குழுவையே 6க்கு 1 என்று தோற்கடித்தார்கள்.

1915இல் செர்பியா நாட்டில் விஷ ஜுரம் பரவியபோது, தம் சொந்தக் கப்பலில் டாக்டர்களையும் தாதிகளையும் ஏற்றிக்கொண்டு அவரே அங்கே போனார். இரக்கமில்லாத மனிதர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. 1931 அக்டோபர் 2ஆம் தேதி லண்டனில் காலமானார். உடலைக் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோய் அம்மா, அப்பா பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். சொத்தில் பெரும்பகுதி அவர் பிறந்த கிளாஸ்கோ நகரத்தின் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

பெட்டியின் மேல் ஒரு பெண்

இதோடு கதையை முடித்தால் அது பாதிக் கதைதான். மீதிப் பாதி மலையில் இருக்கிறது.

36 பென்ஸ் தேயிலை 19 பென்சுக்கு எப்படி வந்தது? தரகனுக்குப் போன காசு மிச்சம். வரி குறைந்தது. இவை உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைக்குப் போன நம் ஜனங்களின் கூலி அது. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களுக்கு லயத்தில் ஓர் அறை, கங்காணியிடம் முன்கடன், காசுக்கணக்கில் கூலி. அந்தக் கூலி குறைவாக இருந்ததால்தான் அந்த விலையும் குறைவாக இருக்க முடிந்தது. இது லிப்டன் தோட்டத்துக்கு மட்டும் உள்ள கதையல்ல. மலைநாடு முழுவதற்கும் அதுதான் ஏற்பாடு.

லிப்டன் விளம்பரங்களில் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தியின் படம் போடுவார்கள். முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் லட்சக்கணக்கான வெள்ளைக்காரக் குடும்பங்கள் பொட்டலத்தை வாங்கின. லிப்டன் பேரை உலகமே தெரிந்துகொண்டது. அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டவர் யாருமில்லை. படத்தில் சிரித்தவளின் பேரப்பிள்ளைகளிடமிருந்து 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையே பறித்தது. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு அது முழுசாகத் திரும்பக் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புகையிலைத் தோட்டத்தில் வேர்வை சிந்தியவருக்குத் தோட்டத் தொழிலாளியின் கஷ்டம் தெரியாமலா இருந்திருக்கும்? லண்டன் ஏழைக்கு விருந்து வைத்தார், கிளாஸ்கோ ஏழைக்குச் சொத்தை விட்டுப் போனார். ஆனால் அந்தச் செல்வத்துக்கு ஒரு பங்கு கொடுத்த அப்புத்தளை மலை அவருக்குத் தூரமாகவே இருந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஏழை மேல் இரக்கம் வருவது சுலபம். கடலுக்கு அப்பால், கணக்குப் புத்தகத்தில் வெறும் எண்ணாக இருக்கும் ஏழை மேல் வருவதுதான் கஷ்டம்.

லிப்டனிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. அம்மாவை மறக்காத மனம், உழைப்பு, தோல்வியைத் தாங்கும் நெஞ்சு, ஒரு காசு எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கும் புத்தி. கடைசியாகச் சொன்னதைத்தான் நம் பிள்ளைகளுக்கு முக்கியமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளையை யாரும் ஏமாற்ற முடியாது. நாம் வெட்டும் பால், நாம் இறக்கும் குலை, நாம் எடுக்கும் கொழுந்து என்ன விலைக்குப் போகிறது, அதில் நம் கைக்கு வருவது எவ்வளவு என்று சங்கத்தில் எழுந்து நின்று கேட்கத் தெரிந்த பிள்ளையை யாரும் ஒதுக்கவும் முடியாது.

நாளைக் காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராணியையும் சொல்லுங்கள், லிப்டனையும் சொல்லுங்கள். கூடவே, கூடை சுமந்த அந்தப் பேர் தெரியாத அம்மாவையும் மறக்காமல் சொல்லுங்கள். அவள் நம் வீட்டுப் பெண்.